கசிகிற சுவரை அவசரப்பட்டு அடைக்காதீர்கள்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 மனையில் 2011இல் வீடு கட்டினோம். கிழக்கு வாசல். ரோட்டு மட்டத்திலிருந்து ஏழடி கீழே செல்லர், அதாவது நிலத்தடித் தளம். முன்னால் கார் நிற்கிறது, பின்னால் ஓர் அறை. வடகிழக்கு மூலையில் வருஷம் முழுக்க ஓதம். மழை பெய்து இரண்டு நாள் கழித்து வடக்குச் சுவரின் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பிக்கிறது. அப்புறம் இரண்டு மூன்று வாரம் நிற்பதில்லை. போன அக்டோபரில் ஒரே ராத்திரியில் கணுக்கால் அளவு நின்றது. ஒருவர் உள்பக்கம் வாட்டர் புரூஃப் பெயின்ட் அடித்தார். மூன்றே மாதத்தில் பாளம் பாளமாக உரிந்துவிட்டது. இன்னொருவர் வெளியே ஏழடி தோண்டி ஷீட் ஒட்ட வேண்டும் என்கிறார். மூன்றாமவர் சுவரில் ஓட்டை போட்டு கெமிக்கல் ஏற்றுகிறேன், பத்து வருஷம் வாரன்டி என்கிறார். மகன் அந்த அறையை ஆபீஸ் ஆக்க ஆசைப்படுகிறான். செல்லர் சுவர் முழுக்க ஆர்.சி.சி., அதாவது கம்பி கட்டிய கான்கிரீட் என்று கட்டியவர் சொன்னார். மனைக்கு வடக்கே மேடு. அந்தப் பக்கம் மூன்றடிச் சந்து, மழைநீர்க் குழியும் அங்கேதான். ஆறு படங்கள் அனுப்பியிருக்கிறேன். யாரை நம்புவது? என் மாமனார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் இருந்திருந்தால் அவரையே கேட்டிருப்பேன்.
- ஓய்வுபெற்ற ஆசிரியை, ராமமூர்த்தி நகர்

வணக்கம் அம்மா.

மூன்று பேர் வந்து மூன்று வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் நாடி பார்த்ததாகத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வடகிழக்கு மூலையில் பங்குனி வெயிலிலும் ஓதம். வடக்குச் சுவரடியில் மழைக்குப் பிறகு மட்டும் கசிவு. இது ஒரே தண்ணீர் இல்லை. இரண்டு இடத்திலிருந்து வருகிற இரண்டு தண்ணீர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தைப் பூசினால் நிற்காது.

அதற்குள் போவதற்கு முன் ஒன்று. உங்கள் நான்காவது படத்தில், மோட்டார் சுவிட்ச் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. அக்டோபரில் கணுக்கால் தண்ணீரில் நீங்கள்தான் இறங்கி அதைப் போட்டீர்களா? இனி அப்படிச் செய்யாதீர்கள். 2025 மே மாதம் பெய்த பெருமழையின்போது பி.டி.எம். லேஅவுட் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே நின்ற தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கப்போய், மின்சாரம் தாக்கி இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவன் சிறுவன். செல்லரில் தண்ணீர் நின்றால் மேலே மெயினை அணைத்த பிறகுதான் கீழே கால் வைக்க வேண்டும். கசிவு வேலை எப்போது ஆரம்பித்தாலும் சரி, இந்த வாரமே எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி செல்லரின் சுவிட்ச் எல்லாவற்றையும் நாலரை அடிக்கு மேல் ஏற்றுங்கள். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) ஒன்று தனியாகப் போடச் சொல்லுங்கள்.

சரி, மூலைக்கு வருவோம்.

பெங்களூரில் வீடு கட்டுகிறவர்கள் சிமென்டில் விட்டுக்கொடுப்பார்கள், கம்பியில் விட்டுக்கொடுப்பார்கள், வாஸ்துவில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, என்றால் ஈசானிய மூலைதான், வடகிழக்குதான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது என்று முதல் படத்தில் தெரியும் இரும்பு மூடி சொல்கிறது. அந்த மூடிக்கு நேர் கீழே, சுவருக்கு அந்தப் பக்கம்தான் உங்கள் ஓத மூலை. செல்லரின் சுவரையே சம்ப்பின் ஒரு பக்கச் சுவராக வைத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு சுவர் மிச்சம் என்ற கணக்கு. இந்த ஊரில் நான் பார்த்த செல்லர் கசிவுகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில் வந்தவை. வருஷம் முழுக்க ஈரம் என்றால் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற இடத்தைத்தானே முதலில் சந்தேகப்பட வேண்டும்?

சந்தேகத்தைத் தீர்க்கச் செலவே இல்லை. ஒரு நாள் சம்ப்பை நிரப்புங்கள். வரும் வால்வை மூடிவிடுங்கள், 24 மணி நேரம் மோட்டார் போடாதீர்கள். தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். சாக்பீஸ் உங்கள் வீட்டில் இல்லாமலா இருக்கும்? மறுநாள் அதே நேரத்தில் அளந்து பாருங்கள். மூடிய தொட்டியில் ஆவியாகிப் போவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சம்ப் என்றால், கோடு ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 40 லிட்டர் எங்கேயோ போயிருக்கிறது என்று அர்த்தம். மட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு அதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். பாதியில் இறக்கம் நின்றுவிட்டால் ஓட்டை மேல் பாதியில் இருக்கிறது. பெரும்பாலும் குழாய் சுவரைத் துளைத்துப் போகிற இடமாக இருக்கும். பொதுவாக நான் முதலில் பார்ப்பதும் அந்தக் குழாய் வாயைத்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று மகன் கேட்கக்கூடும். காவிரித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் எண் நன்றாக வித்தியாசப்படும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் சம்ப்பில் காவிரி, போர், சில வாரம் டேங்கர் எல்லாம் கலக்கிறது. போதாததற்கு, சுவரைக் கடந்து வரும் தண்ணீர் சிமென்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் எண் ஏறித்தான் காட்டும். உங்கள் வீட்டில் சாக்பீஸ் கோடு போதும். தொட்டியில் கலர் பொடி எதையும் போட்டுப் பார்க்க வேண்டாம், நீங்கள் குடிக்கிற தண்ணீர் அது. கழிவுநீர் சேம்பர் மேல் சந்தேகம் இருந்தால் மட்டும் பாத்ரூமில் சொட்டு நீலம் நிறையக் கரைத்து ஊற்றி, இரண்டு நாள் கீழே நீலம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சம்ப்தான் என்று உறுதியானால், வேலையைச் செல்லருக்குள் செய்யாதீர்கள், சம்ப்புக்குள் செய்யுங்கள். காரணம் எளிது. தோணியோ வள்ளமோ, தண்ணீர் தொடுகிற பக்கத்துக்குத்தான் காப்பு. படகுக்குக் கீல் பூசுகிறவர் வெளிப்பக்கம் பூசுகிறார், ஏனென்றால் தண்ணீர் வெளியே இருக்கிறது. வெளியிலிருந்து தள்ளும் தண்ணீர் பூச்சைப் பலகையோடு சேர்த்து அமுக்கும். உள்ளே பூசினால் அதே தண்ணீர் பூச்சைப் பலகையிலிருந்து பிய்த்துத் தள்ளும். உங்கள் பெயின்டுக்கு நடந்தது இதுதான். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர், சதுர மீட்டருக்கு ஒரு டன் தள்ளும். செல்லர் ஏழடி, அதாவது இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். வெளியே மண் மேல்வரை ஊறிப்போனால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு இரண்டு டன். காகிதம் கனத்தில் இருக்கும் பெயின்ட் அதை எதிர்த்து எத்தனை நாள் நிற்கும்? கூடவே சுவருக்குள்ளிருந்து வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக வளர்ந்து அதைத் தூக்கும். பெயின்ட் அடித்தவர் நாணயமில்லாதவராக இருக்க வேண்டும் என்றில்லை. தப்பான பக்கத்தில் வேலை செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

சம்ப்பில் சரியான பக்கம் உள்பக்கம். தண்ணீரை எடுத்துவிட்டு, டைல்ஸ் ஒட்டியிருந்தால் தட்டி எடுக்க வேண்டும். (சம்ப்புக்குள் வெள்ளை டைல்ஸ் ஒட்டுவது இந்த ஊரின் பெருமைகளில் ஒன்று. பார்க்க அழகு. டைல்ஸ் இடுக்கு வழியாகப் பின்னால் போகும் தண்ணீரை யாராலும் பார்க்க முடியாது.) சுவரும் தரையும் சேரும் மூலைகளைக் கலவை வைத்து வளைவாக உருட்ட வேண்டும். குழாய் வாயைச் சுற்றிக் கொத்தி, சுருங்காத கலவையால் அடைக்க வேண்டும். பிறகு குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று சான்று உள்ள சிமென்ட் பாலிமர் பூச்சை இரண்டு கை அடிக்க வேண்டும், ஒரு கை நெடுக்கில், அடுத்தது குறுக்கில். டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி காயவிட்டு, முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஆள் உள்ளே இறங்கும் நாளில் மூடியைப் பல மணி நேரம் முன்பே திறந்து வைத்து ஃபேன் காற்றை உள்ளே விடுங்கள். மேலே ஒரு ஆள் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. சம்ப் சாவுகளில் இரண்டாவது சாவு இப்படித்தான் நடக்கிறது. மழைக்காலத்தில் சம்ப்பை நாள்கணக்கில் காலியாக வைக்காதீர்கள், ஊறிய மண் காலித் தொட்டியை மேலே தள்ளப் பார்க்கும். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள்.

அடுத்தது வடக்குச் சுவர். உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான்.

செல்லர் சுவர் முழுக்க ஆர்.சி.சி. என்று கட்டியவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது படத்தை நன்றாகப் பாருங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் ஈரம் ஒரே திட்டாக இல்லை, கட்டம் கட்டமாக இருக்கிறது. நீளவாக்கில் எட்டு அங்குலத்துக்கு ஒரு கோடு, நடுநடுவே செங்குத்துக் கோடு. அது சாலிட் பிளாக், அதாவது சிமென்ட் கல் வரிசை. தூண்களும் பீமும்தான் கான்கிரீட். நடுவில் பிளாக் வைத்துப் பூசியிருக்கிறார்கள். இது ஊரில் இல்லாத ஏமாற்று இல்லை, செலவைக் குறைக்கப் பலரும் செய்வது. ஆனால் வைத்தியம் மாறிவிடுகிறது.

வெளியே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நம் ஊர் மண் செம்மண். அதற்குக் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மேலே விழும் மழை இறங்கிப் பாறையில் முட்டி, சரிவைப் பார்த்துப் பக்கவாட்டில் நகரும். உங்கள் தெரு கல்கெரே ஏரிப் பக்கம் இறங்குகிறதா, வேறு பக்கமா என்பது எனக்கு முக்கியமில்லை; உங்கள் மனைக்கு எந்தப் பக்கம் மேடு என்பதுதான் முக்கியம். வடக்கே மேடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செல்லருக்காகத் தோண்டும்போது சுவரைவிட ஓரிரு அடி அகலமாகத் தோண்டுவார்கள். சுவர் எழும்பியதும் அந்த இடைவெளியில் உடைந்த கல், சிமென்ட் மூட்டை, கட்டட இடிபாடு என்று கையில் கிடைத்ததைத் தள்ளி மூடுவார்கள். சுற்றியிருக்கும் கெட்டி மண் தண்ணீரை மெதுவாக விடும். இந்த இடிபாடு சல்லடை மாதிரி உடனே வாங்கிக்கொள்ளும். ஆக, வீட்டைச் சுற்றி ஒரு வாணலி. வாணலியில் சேர்ந்த தண்ணீருக்கு வேறு வழி கிடையாது, உங்கள் சுவர்தான் வழி. மழை நின்ற பிறகும் மூன்று வாரம் கசிவது அதனால்தான். செப்டம்பர், அக்டோபர் இரண்டும் பெங்களூரில் அதிக மழை பெய்யும் மாதங்கள். ஒரு வாணலி வடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது.

இப்போது மூன்றாமவர் சொல்வதை யோசிப்போம். சுவர் முழுக்க ஓட்டை போட்டு கெமிக்கல் ஏற்றி, சொட்டுத் தண்ணீர் வராமல் அடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாணலித் தண்ணீர் எங்கே போகும்? எங்கும் போகாது. மட்டம் ஏறும். சதுர மீட்டருக்கு இரண்டு டன் என்று சொன்னேனே, அது முழுதாகச் சுவர் மேல் சாயும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் என்றால் தாங்கும்படி வடிவமைத்திருப்பார்கள். கம்பியே இல்லாத எட்டு அங்குல பிளாக் சுவர் பக்கவாட்டுச் சுமையைத் தாங்கவென்று கட்டப்பட்டது இல்லை. 2011இலிருந்து அது நிற்பதற்கு ஒரு காரணம், அது கசிந்துகொண்டிருப்பது. கசிவுதான் அழுத்தத்தை ஏறவிடாமல் வைத்திருக்கிறது. அதை அடைப்பது குக்கர் விசிலை அடைப்பது மாதிரி.

அதனால் எதுவும் செய்வதற்கு முன்பு மேஸ்திரியை வைத்து அந்தச் சுவருக்குத் தூக்குக் குண்டு போட்டுப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அரையடிக்கு ஒரு தடவை அளந்து எழுதச் சொல்லுங்கள். நடுவில் சுவர் உள்பக்கம் வயிறு தள்ளியிருந்தாலோ, பாதி உயரத்தில் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடினாலோ, இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை நேரில் கூப்பிடுங்கள். அது வாட்டர் புரூஃபிங் ஆள் வேலை இல்லை. தூண்களையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று பொள்ளலாகக் கேட்டாலோ, செம்பழுப்புக் கறை வழிந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும்; கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். இதுவும் இன்ஜினீயர் பார்க்க வேண்டியது.

வெளியே தோண்டச் சொன்னவர் கொள்கையில் சரி. தண்ணீர் தொடுகிற பக்கம் வெளிப்பக்கம்தான். ஆனால் உங்கள் வடக்குச் சந்து மூன்றடி. அதில் ஏழடி ஆழம் தோண்டினால் அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அஸ்திவாரம், இந்தப் பக்கம் உங்களுடையது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பலகை அடித்துத் தாங்கல் கொடுக்காமல் ஆளை இறக்குவது குற்றம் என்றே நான் சொல்வேன். அதிலும் இடிபாடு நிரப்பிய மண். பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால் கசிவு மறந்துபோய் கோர்ட்டு ஞாபகம்தான் இருக்கும். இத்தனைக்கும் பிறகு ஷீட் ஒட்டினாலும், தரையும் சுவரும் சேரும் இடத்தில் அடியிலிருந்து ஊறுவதை அது தொடாது. காலி மனையில் புதிதாகக் கட்டுகிறவருக்கு நான் ஷீட்தான் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம்.

பின்னே என்ன செய்வது? வாணலிக்குள் வருவதைக் குறையுங்கள். மிச்சம் வருவதற்கு ஒரு வாய்க்கால் கொடுங்கள்.

குறைப்பதில் முதல் குற்றவாளி, உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், அந்த மழைநீர்க் குழிதான். 2009இல் குடிநீர் வாரியம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து எல்லாரும் குழி தோண்டினார்கள். சந்தில்தான் இடம் இருந்தது, அதனால் சந்தில். உங்கள் மொட்டைமாடித் தண்ணீர் முழுக்க வடக்குச் சுவரை ஒட்டிய நான்கடிக் குழியில் இறங்குகிறது. செல்லர் தரை ஏழடியில். பூமிக்குக் கொடுப்பதாக நினைத்து நீங்கள் உங்கள் சுவருக்கே ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். குழியை மூடுங்கள், சேகரிப்பை விட்டுவிடாதீர்கள். விட்டால் தண்ணீர் பில்லோடு அபராதம் வரும், நியாயமும் இல்லை. மாடித் தண்ணீரை ஒரு ஃபில்டர் வழியாகச் சம்ப்புக்குள்ளேயே விடுங்கள், சம்ப் வேலை முடிந்த பிறகு. வழிவதைத் தென்கிழக்கு மூலையில், கட்டடத்திலிருந்து முடிந்த அளவு தள்ளி, கான்கிரீட் உறை இறக்கிய 20 அடி ஆழக் கிணறு ஒன்றுக்கு அனுப்புங்கள். இந்த ஊரில் பரம்பரையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் ஆட்கள் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள், விசாரித்தால் கிடைப்பார்கள். தண்ணீர் செல்லர் தரைக்குக் கீழே போய் இறங்க வேண்டும், மேலே இல்லை. மேல் பத்தடி உறைகளின் இணைப்பைக் கலவையால் பூசிவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, சந்தின் தரை. செடி வைத்திருக்கும் மண் பகுதியை எடுத்துவிட்டு, சுவரிலிருந்து வெளியே வாட்டம் கொடுத்து கான்கிரீட் போட்டு, சுவரோடு சேரும் கோட்டை சீலன்ட் வைத்து அடையுங்கள். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வாட்டம் போதும். செம்பருத்தியைத் தொட்டிக்கு மாற்றிவிடலாம். கிழக்கே ரோடு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, உங்கள் கேட்டைவிட இப்போது ரோடு உயரம். காருக்கான சரிவின் தலைப்பில் ஒரு மேடும், அதற்குப் பின்னால் கம்பி வலை போட்ட குறுக்கு வாய்க்காலும் கட்டினால் ரோட்டுத் தண்ணீர் உள்ளே உருளாது. அக்டோபர் வெள்ளத்தில் பெரும்பங்கு சுவர் வழியாக வரவில்லை, இந்த வாசல் வழியாக வந்தது என்பது என் ஊகம். கசிந்த தண்ணீர் ஒரே ராத்திரியில் கணுக்கால் ஏறாது.

இவ்வளவு செய்தாலும் கொஞ்சம் வரும். இங்கேதான் உங்கள் மாமனார் ஞாபகத்துக்கு வருகிறார். தங்கவயல் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அங்கே பாறையில் ஊறும் தண்ணீர் எல்லாவற்றையும் யாரும் பூசி அடைத்துக்கொண்டிருக்கவில்லை. ஓரமாக ஓடை வெட்டி, ஒரு குழியில் சேர்த்து, மேலே இறைத்தார்கள். 2001இல் சுரங்கத்தை மூடி இறைப்பு நின்றதும் தண்ணீர் தானாக ஏறிவிட்டது. உங்கள் ஏழடிக்கும் அதே வேலைதான், அளவு மட்டும் சின்னது.

வடக்குச் சுவரின் அடியில், உள்பக்கம், தரையை வெட்டி நான்கு அங்குல அகலத்தில் வாய்க்கால். சுவரின் கடைசி பிளாக் வரிசையில் நான்கடிக்கு ஒன்றாகச் சாய்வான துளை. அதில் வலை கட்டிய குழாய்த் துண்டு. தண்ணீர் நம் சொல்படி அந்த வாயில் மட்டும் வரட்டும். வாய்க்கால் போய்ச் சேரும் மூலையில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத்தில் ஒரு குழி. அதில் மிதவை சுவிட்ச் உள்ள அரை ஹெச்.பி. சப்மெர்சிபிள், அதாவது தண்ணீரில் மூழ்கி ஓடும் பம்பு. வெளியேறும் குழாயில் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு, இல்லாவிட்டால் இறைத்த தண்ணீரே திரும்பி வரும். அதை ரோட்டோர மழைநீர்க் கால்வாயில் விடுங்கள், கழிவுநீர் சேம்பரில் விடாதீர்கள். பெருமழையில் சேம்பர் எதிர்த்துக்கொண்டு வரும்போது அந்த நாற்றத்தோடுதான் குடியிருக்க வேண்டியிருக்கும். மழை கொட்டும் ராத்திரியில்தான் கரன்ட் போகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. வீட்டு இன்வர்ட்டர் போதும் என்று நினைக்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுப்பது, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. அதற்கேற்ற இன்வர்ட்டர் எது என்று எலக்ட்ரீஷியனிடம் கணக்குக் கேளுங்கள்.

அப்படியானால் கெமிக்கல் ஏற்றுவதே வீணா என்றால், இல்லை. கான்கிரீட் இருக்கும் இடத்தில் அது நல்ல வைத்தியம். உங்கள் வீட்டில் தூணுக்கு அருகே தரை கான்கிரீட்டில் ஒரு விரிசல் ஊறுகிறதே, அதற்கு பி.யூ. கிரவுட்டிங், அதாவது பொங்கும் கெமிக்கலை உள்ளே ஏற்றுவது, சரி. விரிசலை நேராகக் குத்தாமல், பக்கத்திலிருந்து சாய்வாகத் துளை போட்டு, கான்கிரீட்டின் நடு ஆழத்தில் விரிசலைச் சந்திக்க வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நாசில் (கெமிக்கலை உள்ளே விடும் மூக்கு) வைத்து ஏற்றினால், தண்ணீர் பட்டதும் அது நுரைத்துப் பொங்கி இடுக்கை நிரப்பும். செல்லரில் வாசனை ஏறும், காற்றோட்டம் வேண்டும். கிரிஸ்டலைன் பூச்சு என்றும் ஒன்று சொல்வார்கள். அதுவும் கான்கிரீட்டுக்குத்தான். சிமென்டில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளுக்குள் படிகமாக வளரும் சரக்கு அது. பெயின்ட் மேலேயோ பூச்சு வேலைக்கு மேலேயோ அடித்தால் காசு சுவரில் போகும்.

இன்னொன்று, நாசில் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசாதீர்கள். நூறு போதும் என்ற இடத்தில் முந்நூறு ஓட்டை விழும். விரிசலின் நீளத்துக்கு அடிக்கணக்கில் விலை பேசுங்கள். பத்து வருஷ வாரன்டித் தாளில் எதெல்லாம் சேராது என்ற வரியைப் படித்துப் பாருங்கள். நிலத்தடி நீர் அழுத்தம் சேராது என்று எழுதியிருப்பார்கள். செல்லருக்கு வேறு என்னதான் வரும்? வாரன்டியைவிட, பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை அடுத்த தீபாவளிவரை பிடித்து வையுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

தமிழ்நாட்டு மேஸ்திரி என்றால் பேசும்போது ஒரு வார்த்தை கவனம். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஆட்களுக்கு பேஸ்மட்டம் என்றால் தரைக்கு மேலே எழுப்பும் மேடை. பேஸ்மென்டில் பூச வேண்டும் என்று போனில் சொல்லி, அவர் வீட்டைச் சுற்றி வெளியே முழங்கால் உயரத்துக்குப் பூசிவிட்டுப் போன கதை எனக்கே நடந்திருக்கிறது. செல்லர் என்றே சொல்லுங்கள்.

மகனின் ஆபீஸ். அனுமதி வரைபடத்தில் அந்த இடம் என்னவாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் எடுத்துப் பாருங்கள். வேலை முடிந்து ஒரு முழு மழைக்காலம் பார்த்த பிறகுதான் உள்ளே மேஜை போடலாம் என்பேன். அதுவரை வடக்குச் சுவரில் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு வெறும் சுண்ணாம்பு அடித்து வையுங்கள், சுவர் மூச்சு விடட்டும். உப்புப் பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். ஜிப்சம் பலகை வைத்து மறைக்கிற யோசனையை யாராவது சொன்னால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பின்னால் பூஞ்சை வளர்வது தெரியாமல் மகன் அதற்கு முன்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பான். ஐந்தாவது படத்தில் பட்டுப் புடவை டிரங்குப் பெட்டி சுவரை ஒட்டித் தரையில் இருக்கிறது. அதை மட்டும் இன்றைக்கே மேல் மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

வரிசை இதுதான்: சுவிட்ச் வேலை இந்த வாரம், சாக்பீஸ் கோடும் தூக்குக் குண்டும் இந்த மாதம், சம்ப்பும் மழைநீர்க் குழியும் பொங்கலுக்குப் பிறகு, வாய்க்காலும் பம்பும் ஏப்ரல் கோடை மழைக்கு முன்பு. ஒரு நோட்டில் மழை பெய்த தேதி, கசிவு தொடங்கிய தேதி, நின்ற தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். கோடு எவ்வளவு இறங்கியது என்று எனக்கும் எழுதுங்கள். இறங்கவே இல்லை என்றால் மூலையைப் பற்றி நான் சொன்னது தப்பு. அப்போது அந்த மூலைக்கு நேர் மேலே போகும் பாத்ரூம் குழாயைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.